எண் பொருத்தம்

என் தொழில் பொருத்தம் பார்ப்பது.
ஜாதகம் அல்ல, இரும்பு.
பத்துப் பொருத்தம் வேண்டாம் எனக்கு, நாலு போதும்:
எஞ்சினில் அடித்த எண்,
முன் சட்டகத்தில் ஒன்று, பின் சட்டகத்தில் ஒன்று,
எஞ்சின் கூட்டின் இரு பாதிகளையும் சேர்த்த அன்று
அடிவயிற்றில் யாரோ தட்டிவைத்த சின்ன எண்.
நாலும் ஒத்துப்போனால்
விலை கேட்டுத் தலை சுற்றும்.
ஒன்று பிசகினால் பாதி.

பிப்ரவரி. லிங்கன்ஷயரின் தட்டை நிலம்.
பீட் கிழங்கு பிடுங்கிய வயல்களில் தண்ணீர்.
டோரீன் ஸ்கிரிம்ஷா, எண்பத்தைந்து வயது,
கொட்டகைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.
"கோழி எச்சம். பார்த்து வாருங்கள்."

உரச்சாக்குகளுக்கு அடியில் வின்சென்ட்.
கறுப்பு எனாமல் பூசிய எஞ்சின்.
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வேகமானி,
நூற்றைம்பது மைல் வரை எழுதியிருந்தது;
முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
இந்த வகையில் இரண்டாயிரம்கூடச் செய்யவில்லை.
செய்ததில் எத்தனை மரத்தில் மோதின,
எத்தனை பழைய இரும்புக்குப் போயின என்று
எங்கள் ஆட்கள் பீர் குடித்தபடி சண்டை போடுவார்கள்.

மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்தேன்.
எஞ்சின், 4417.
அதோடு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூட்டினால் சட்டக எண்;
ஸ்டீவனேஜ் தொழிற்சாலையின் கணக்கு.
முன் சட்டகம், 6317. மூச்சு விட்டேன்.
பின் சட்டகம், 8902.

"பின்பாகம் வேறு வண்டியுடையது," என்றேன்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில்.

"தெரியுமே. ஐம்பத்தெட்டில், ரயில்வே கேட்டில்.
செசில் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.
வண்டிக்கும் எனக்கும்தான்
பின்பாகம் போயிற்று."
இடது இடுப்பைத் தட்டிக் காட்டினார்.
"இது லீட்ஸில் வைத்தது. இதற்கும் ஓர் எண் உண்டு,
அட்டை கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறீர்களா?"

வேண்டாம் என்றேன்.
உடைந்தது எங்கே என்று கேட்டேன்.

"பட்டாணிக்குப் போனது."

தோட்டத்து மூலையில்
கவட்டை மேலே, கழுத்து மண்ணுக்குள்,
போன வருஷக் கொடியின் சருகு சுற்றி
நின்றது.
முழங்காலிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.
ஆறு. துரு. ஒன்று.
கடைசியில் ஏழு.
கை நடுங்கியது, குளிர்தான்.

ஐந்து பவுண்டு நீட்டி
'இந்தக் கம்பியை எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டுவிடலாம்
என்று ஒரு நொடி தோன்றியது.
ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.
பிறகு தொகையைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்,
நீலத் தார்ப்பாய் கட்டிய இடத்தை.
"என் காலை ஒடித்தது இதுதான்," என்றார்.
"விலை இதற்குத்தான், இல்லையா?"
மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்தார்.
"தோண்டுங்கள். ஆனால் அடுத்த மாதம் விதைக்கணும்.
அந்த இன்னொன்றைக் கழற்றி
இதே குழியில் நட்டுவிட்டுப் போங்கள்.
இந்தத் தடவை நேராக."

வளைந்ததை நிமிர்த்த கவென்ட்ரியில் ஆள் இருக்கிறான்.
ஸ்டாஃபோர்டில், மாடு காட்டுகிற கூடத்தில் ஏலம்.
பட்டியலில் என் வரி:
எல்லா எண்களும் பொருந்தும்.
ரயில்வே கேட் பற்றி அதில் இல்லை.
பாசலிலிருந்து தொலைபேசியில் ஒரு குரல்
வீட்டு விலைக்கு எடுத்தது.
ஓட்டுவாரா என்று விசாரித்தேன்;
வரவேற்பறையில் வைக்கப்போகிறாராம்.

ஜூனில் கையெழுத்துக்காக மறுபடி போனேன்.
கூரை புதிது.
8902-இன் மேல் பட்டாணி தலைக்கு மேலே ஏறியிருந்தது.
செசில் போகும்வரை முப்பது வருஷம்
அவரை ஏற்றிக்கொண்டு ஓடிய இரும்பு.
அதற்கு என் ஏட்டில் கட்டம் கிடையாது.

ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தார்.
பீட்டர்பரோ தாண்டும்வரை
ஒற்றைக் கையால் உரித்துத் தின்றுகொண்டே வந்தேன்.